அவார்டு வாங்கிய தண்ணீர்

எங்கள் குடியிருப்பில் ஒரு செடி வாடினால் பதினேழு பேர் வைத்தியம் சொல்வார்கள். தொட்டி மண்ணில் விரலை விட்டு, ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒருவரும் வரமாட்டார்கள். விரல் அழுக்காகிவிடும். அந்த விரல் வாட்ஸப்பில் ஆலோசனை தட்டுவதற்கு வேண்டும்.

பம்மலில், பஸ் போகும் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது எங்கள் கட்டடம். நான்கு மாடி, இருபத்து நான்கு வீடு. என் பெயர் முனீர். தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். வீட்டுக்கு வீடு சமையலறைச் சுவரில் தொங்குகிறதே, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மிஷின், அதை விற்பதும் மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் என் தொழில். இருபத்து நான்கு வீட்டு மிஷினுக்கும் வருடாந்திரக் கான்ட்ராக்ட் என்னிடம்தான் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுகிறவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பரணி சார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் மறைத்து வைத்தேன் என்பீர்கள்.

பரணி சார் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்து, ஐம்பத்தைந்து வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மூன்று மாதம் அதட்ட ஆளில்லாமல் தவித்தார். பிறகு செடிகளைக் கண்டுபிடித்தார். செடி எதிர்த்துப் பேசாது, லீவு கேட்காது. மொட்டை மாடியில் அறுபது தொட்டி வைத்து, பச்சை வலை கட்டி, 'பசுமை மாடி' என்று ஒரு வாட்ஸப் குழுவும் ஆரம்பித்தார்.

குழுவில் எல்லா நோய்க்கும் மருந்து மோர்தான். இலை மஞ்சளா, மோர். பூ உதிர்கிறதா, மோரில் பெருங்காயம். கறிவேப்பிலை வளரவில்லையா, புளித்த மோர். மாவுப்பூச்சி வந்தால் மட்டும் வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் மோர். எங்கள் செடிகள் குடித்த மோரைத் தெருவில் கொடுத்திருந்தால் அந்தக் கோடையில் எந்தக் கட்சியும் பம்மலில் பந்தல் போட்டிருக்க வேண்டியதில்லை. மூன்றாவது மாடி கெசியா டீச்சர் வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றினார், மாடி முழுக்கக் கொசு. இரண்டாவது மாடி கோகிலவாணி அக்கா எதையும் ஊற்றமாட்டார். எந்தச் செடி பட்டுப்போனாலும் யார் கண் பட்டது என்று மட்டும் சொல்வார்.

பொங்கலுக்கு முன்னால் பரணி சாருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரெல்லாம் சாக்கடைக்குத்தானே போகிறது, அதைப் பிடித்து மாடித் தோட்டத்துக்கு ஏற்றினால் என்ன? என்னைக் கூப்பிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. மிஷின் மந்திரம் எதுவும் செய்வதில்லை. ஒரு குடம் போர் தண்ணீரில் இருக்கும் உப்பையெல்லாம் அரைக் குடத்தில் தள்ளி வெளியே விட்டுவிடுகிறது, மிச்சம் அரைக் குடத்தை நாம் குடிக்கிறோம். வெளியே போகிற தண்ணீரில் உப்பு இரண்டு மடங்கு. வீடு துடைக்கலாம், கக்கூஸில் ஊற்றலாம். தொட்டிச் செடிக்கு ஊற்றினால் ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது, மூன்று மாதத்தில் எல்லாம் ஆகும்.

"சார், இதுல உப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். செடிக்குன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"முனீர், நெகட்டிவ்வா பேசாதீங்க. வேஸ்ட்டுனு ஒண்ணு கிடையவே கிடையாது. வேஸ்ட் நம்ம மைண்ட்லதான் இருக்கு" என்றார்.

இருபத்து நான்கு சமையலறையிலிருந்தும் குழாய் இழுத்து, கீழே ஒரு தொட்டியில் சேர்த்து, மோட்டார் வைத்து மாடியில் கறுப்பு டேங்குக்கு ஏற்றிக் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. பிப்ரவரியில் ஏதோ ஒரு சங்கம் வந்து 'நீர் காத்த குடியிருப்பு' என்று கேடயம் கொடுத்தது. போட்டோவில் பரணி சாருக்குப் பின்னால், பாதித் தலை தெரிய, நானும் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஜெய்னபிடம் சொன்னேன். வாசலில் அவள் தொட்டியில் ஒரு எலுமிச்சை வைத்திருக்கிறாள். "அந்த மாடித் தண்ணிய மட்டும் இதுக்கு ஊத்திடாத. அரிசி கழுவுற தண்ணி போதும்" என்றேன். வீட்டுக்குள் வாய் திறக்க எனக்குக் கான்ட்ராக்ட் தேவையில்லை பாருங்கள்.

மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் சின்னதம்பி. வாட்ச்மேன் வேலை, மோட்டார் போடுவது, குப்பை இறக்குவது, எல்லாம் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். கேளம்பாக்கம் தாண்டிக் கடற்கரைக் குப்பத்துக்காரர், அண்ணனோடு படகில் சண்டை போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டவர். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் அவரும் அவர் மனைவி சுப்புலட்சுமியும் குடியிருந்தார்கள். சுப்புலட்சுமி காலையில் மீன் எடுத்து வந்து நாலு தெரு விற்றுவிட்டு, பத்து மணிக்கு கேட் குழாயில் கூடையைக் கழுவுவாள். சின்னதம்பிக்கு வேறு வேலை வந்துவிட்டால் மாடிக்குப் போய்த் தோட்டத்து வால்வைத் திறப்பதும் அவள்தான். அவர்கள் அறை வாசலில் உடைந்த பக்கெட்டில் ஒரு கறிவேப்பிலை இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் வரும் கார்ப்பரேஷன் தண்ணீரும், மீன் கழுவின தண்ணீரும்தான் அதற்குச் சாப்பாடு. கட்டடத்திலேயே அதுவும் எங்கள் எலுமிச்சையும்தான் பச்சையாக இருந்தன.

மார்ச்சில் மாடிச் செடிகளின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. முதலில் நுனி, பிறகு ஓரம் முழுக்க, தொட்டால் அப்பளமாக நொறுங்கும். மண்ணுக்கு மேல் வெள்ளையாக ஒரு படலம். குழுவில் பரணி சார் அதைப் படம் எடுத்துப் போட்டு 'வெள்ளைப் பூஞ்சை' என்று பெயர் வைத்தார். மஞ்சள் தூள் தூவச் சொன்னார். தூவினார்கள். சூடு என்று சொல்லி இரண்டு வேளை தண்ணீர் விடச் சொன்னார். சின்னதம்பி விட்டார். யாரோ எப்சம் உப்பு போடச் சொன்னார்கள், அதையும் வாங்கிப் போட்டார்கள். உப்பில் செத்துக்கொண்டிருந்த செடிகளுக்கு மேலும் உப்பு.

நான் அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் காட்டினேன். எல்லோரும் காட்டினார்கள்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு மாடித் தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வருவதாக இருந்தது. பரணி சார் சின்னதம்பியைக் கூப்பிட்டு, "அதுக்குள்ள செடியெல்லாம் தேறணும். இல்லேன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வேலை போனால் அறையும் போகும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

இதற்கிடையில் கோகிலவாணி அக்கா காரணத்தைக் கண்டுபிடித்தார். "அந்தம்மா மீன் கையோட போய் வால்வைத் திருகறா. எல்லா நாளும் திருகறா, எந்த நாளும் விடறதில்ல. அப்புறம் செடி எப்படி இருக்கும்?" என்று குழுவில் குரல் செய்தி போட்டார். எந்த நாள் என்பது பெண்களுக்குப் புரிந்தது, ஆண்கள் புரியாத மாதிரி இருந்தார்கள். அதே வாரம் பரணி சார் ஆன்லைனில் ஆறு பாட்டில் 'மீன் அமிலம்' வரவழைத்தார். மீன் தலை, குடல், செவுள் எல்லாவற்றையும் வெல்லத்தில் ஊறவைத்து இறுத்த சாறு. பாட்டில் மூடியை அவரே திறந்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

சுப்புலட்சுமி என் வீட்டு வாசலில் ஜெய்னபுக்கு சங்கரா மீன் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "என் கையில இருந்தா கப்பு, பாட்டில்ல அடைச்சி வந்தா மருந்து. நல்லா கீதுக்கா உங்க நாயம்."

ஒரு நாள் சாயங்காலம் மாடி டேங்கில் மிதவை மாற்றப் போயிருந்தேன். சின்னதம்பி ஒரு செம்பருத்தித் தொட்டியிலிருந்து அந்த வெள்ளைப் படலத்தைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"பாய், இது பூஞ்சையும் இல்ல ஒண்ணும் இல்ல. உப்பு. கடலாண்ட பொறந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? எனக்கு இந்த டேங்க் தண்ணி மேலதான் டவுட்டு. நீங்க ஒரு தபா உங்க மிஷின வெச்சுப் பாருங்களேன்."

மிஷின் என்று அவர் சொன்னது பேனா அளவில் இருக்கும் ஒரு மீட்டர். தண்ணீரில் நுனியை முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். எப்போதும் என் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் குத்தியிருக்கும். வாடிக்கையாளர் வீட்டு டம்ளரில் அதை முக்கி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்தித்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

"பார்க்கலாம் அண்ணா" என்றேன்.

அவர் படியிறங்கிப் போன பிறகு பார்த்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது. எங்கள் போர் தண்ணீரே ஆயிரத்து நூறுதான். மீட்டரைச் சட்டை நுனியில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஜூனில் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும்.

என் பதிலுக்கு சின்னதம்பி காத்திருக்கவில்லை. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாளில், எல்லா வீட்டுக்கும் சம்ப் நிறைந்து கேட் குழாயில் சொட்டும் மிச்சத்தை இரண்டு குடத்தில் பிடித்து நான்கு மாடி ஏறினார். லிஃப்டில் குடம் ஏற்றக் கூடாது என்று பரணி சார் கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஒரு தொட்டிக்கு, அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடி வெளியே வரும் வரைக்கும் ஊற்றுவார். வடிந்ததும் மறுபடி. மூன்று தடவை. மண்ணில் ஏறின உப்பைக் கழுவி வெளியே தள்ள அதைவிட வேறு வைத்தியம் கிடையாது, அதற்கு யூடியூபும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு தொட்டியோ இரண்டு தொட்டியோதான் முடிந்தது. மூன்று வாரத்தில் எட்டுச் செம்பருத்தி துளிர் விட்டது.

பரணி சார் துளிரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். 'மீன் அமிலம், இருபத்தோராம் நாள்.' நாற்பத்தாறு கைதட்டல்.

மாட்டிக்கொண்டது கேமராவில். லிஃப்ட் பக்கத்து கேமராவில் யாரோ செருப்பு திருடியதைத் தேடிக்கொண்டிருந்த பரணி சார், செருப்பை விட்டுவிட்டுக் குடத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாடியில் அவசரக் கூட்டம். பச்சை வலைக்குக் கீழே நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். சின்னதம்பி மட்டும் நின்றார். பரணி சார் போனில் வீடியோவை ஓடவிட்டு ஒவ்வொருவருக்கும் காட்டினார்.

"பாருங்க. குடிதண்ணி. இருபத்து நாலு ஃபேமிலி குடிக்கிற தண்ணி. அதைத் தினமும் தூக்கிட்டு வந்து செடிக்கு ஊத்தியிருக்கார். அவார்டு வாங்கின தண்ணி டேங்க்ல இருக்கு, அதை விட்டுட்டு இதை."

"குடிக்கிற தண்ணிய யாரும் தொடல சார். அல்லா வூட்டுக்கும் ரொம்பினப்புறம் கொயாயில சொட்டறதுதான் புட்சேன்" என்றார் சின்னதம்பி. "அந்த டேங்க் தண்ணி உப்பு. செடி அதனாலதான் சாவுது. இந்த எட்டு செடி தேறிச்சே, நான் ஊத்தினதுதான்."

"அது மீன் அமிலம்" என்றார் பரணி சார். சிரித்தார்கள். கோகிலவாணி அக்கா மட்டும் சிரிக்காமல், "செடிக்கு உப்பு, மனுஷனுக்குச் சர்க்கரை. எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துரலாம்" என்றார். அதற்குப் பெரிதாகச் சிரித்தார்கள்.

சின்னதம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாய்க்குத் தெரியும். தண்ணி அவரு தொழிலு. நீங்க சொல்லுங்க பாய்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பரணி சார் வேறு மாதிரி பார்த்தார். டேங்க் என் தலைக்கு மேல்தான் இருந்தது, குழாய் கையெட்டும் தூரத்தில். ஒரு சொட்டு பிடித்து மீட்டரை முக்கி எண்ணைப் படித்தால் கூட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த எண் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

"அது வந்து, டெஸ்ட் பண்ணிப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன்.

"அவ்வளவுதான். எக்ஸ்பெர்ட்டே சொல்லிட்டார்" என்றார் பரணி சார்.

மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். கை தூக்கச் சொன்னபோது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெய்னப் கேட்டாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"டெஸ்ட் பண்ணணும்னு சொன்னேன்."

அவள் வாசலுக்குப் போய் எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். "இந்தச் செடிக்கு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் சொன்னீங்களா?" என்றாள்.

மாதக் கடைசியில் சின்னதம்பியும் சுப்புலட்சுமியும் ஒரு ஷேர் ஆட்டோவில் பாத்திரங்களோடு போனார்கள். கறிவேப்பிலை பக்கெட்டுக்கு இடமில்லை. நடுவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, பரணி சார் நர்சரியிலிருந்து முப்பது பூத்த தொட்டிகளை வேனில் இறக்கி முன்வரிசையில் அடுக்கி இரண்டாம் பரிசு வாங்கினார். கீழேயும் பசுமை தெரிய வேண்டும் என்று புது வாட்ச்மேனை விட்டுக் கறிவேப்பிலைக்கும் அவார்டுத் தண்ணீரே ஊற்ற வைத்தார். ஜூனில் கான்ட்ராக்ட் கையெழுத்தாகி என் கைக்கு வந்தது. ஜூன் கடைசியில் ஒரு வாரம் நல்ல மழை பெய்து மாடித் தொட்டிகளைக் கழுவிவிட்டது. வெட்டவெளியில் இருந்திருந்தால் கறிவேப்பிலையையும் கழுவியிருக்கும், ஆனால் அது மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இலை நுனியெல்லாம் கருகியிருந்தது.

ஜெய்னப் அந்தப் பக்கெட்டை என் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் தூக்கி வைத்தாள். "அவங்க செடி. கொண்டு போய்க் குடுங்க."

சின்னதம்பி திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். கேட் பக்கத்தில் தகர ஷெட்டில் குடியிருப்பு. உள்ளே மிஷின் ஓடும் சத்தத்தில் நாங்கள் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க பாய்" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அந்த ஸ்டூலில் உட்காருவது கஷ்டமாக இருந்தது.

பக்கெட்டைச் சுற்றி வந்து இலையைத் தடவிப் பார்த்தார். "இதுக்கும் அந்தத் தண்ணிய வுட்டானுங்களா" என்றார். பிறகு கம்பெனிக் குழாயிலிருந்து டியூப் இழுத்து, பக்கெட்டின் விரிசல் வழியாகத் தண்ணீர் ஓடும் வரை விட்டார். வடியக் காத்திருந்தார். மறுபடி விட்டார்.

என் போன் அதிர்ந்தது. பசுமை மாடி குழுவில் பரணி சார், மழையில் பளபளக்கும் செம்பருத்தியின் படத்தோடு எழுதியிருந்தார். 'ஆள் மாறியது, செடி தேறியது.' அதற்குள் பன்னிரண்டு கைதட்டல்.

"யாரு பாய்?"

"கஸ்டமர்" என்றேன்.

மூன்றாவது தடவை தண்ணீர் விட்டுவிட்டு டியூபை என் பக்கம் நீட்டினார். "இந்தத் தண்ணி எப்பிடி கீதுன்னு பாத்து சொல்லுங்க."

பையிலிருந்து மீட்டரை எடுத்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து நுனியை வைத்தேன். "முந்நூத்திப் பத்து. நல்ல தண்ணி அண்ணா. செடிக்குத் தாராளமா ஊத்தலாம்."

"இப்ப உடனே சொல்லிட்டீங்க" என்றார் சின்னதம்பி. டியூபைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கும் அது உங்க ஜோப்புலதான் இருந்துச்சு பாய். பேனா பக்கத்துல. இப்ப எடுப்பாரு, இப்ப எடுப்பாருன்னு நான் அதையேதான் பாத்துகினு இருந்தேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. சுப்புலட்சுமி ஷெட்டுக்குள்ளிருந்து டீ கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் மீட்டரைச் சட்டை நுனியில் துடைத்தேன். அது எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.